ரத்தக் கொதிப்பு இனத்தோடு வருவதா, குடும்பத்தோடு வருவதா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 34. அப்பா, பெரியப்பா, தாத்தா மூவருக்கும் பிரஷர். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் தெற்காசியர்களுக்கும் மரபணுவிலேயே ரத்தக் கொதிப்பு அதிகம் என்று எங்கோ படித்திருக்கிறீர்கள். "இனத்திலேயே இருக்கிறதென்றால் உப்பைக் குறைத்து என்ன ஆகப்போகிறது? பேசாமல் மரபணுப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாமா?" என்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ரத்தக் கொதிப்பு பரம்பரையாக வருமா? இனக்குழுக்களுக்கு இடையே தெரியும் வித்தியாசத்துக்கு மரபணுதான் காரணமா? உங்கள் சொந்த உடம்பைப் பற்றி இவை என்ன சொல்கின்றன? முதல் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தவுடன் இரண்டாவதற்கும் அதுவே பதில் என்று நினைத்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

நான் பொது மருத்துவன். இருபது வருடங்களுக்கு மேலாக என் நாளின் பெரும்பகுதி பிரஷர் நோயாளிகளோடுதான் போகிறது. மரபியல் என் தொழில் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை வாரம் ஒருவராவது கேட்பதால் விடாமல் படித்து வருகிறேன்.

குடும்பத்தில் வரும் என்பதில் சந்தேகமே இல்லை. இரட்டையர்களையும் குடும்பங்களையும் வைத்துச் செய்த ஆய்வுகள், ரத்த அழுத்தத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம் வரை மரபணுவால் வருவதாகக் கணக்கிடுகின்றன. இந்த எண்ணைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். 'உங்கள் பிரஷரில் பாதி பரம்பரை' என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே மாதிரிச் சூழலில் வாழும் ஒரு கூட்டத்துக்குள், ஒருவருக்கு 118 என்றும் இன்னொருவருக்கு 142 என்றும் இருக்கிறதே, அந்த ஏற்ற இறக்கத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதுதான் இது. ஒரு பள்ளியில் இரண்டு வகுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஆசிரியர் தினமும் வருகிறார்; மற்றதில் ஆறு மாதமாக ஆசிரியரே இல்லை. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் மதிப்பெண் கூடுவதும் குறைவதும் பிள்ளைகளின் திறமையைப் பொறுத்திருக்கலாம். ஆனால் இரண்டு வகுப்புகளின் சராசரிக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆசிரியர் இல்லாததால் வந்தது. கூட்டத்துக்குள் பரம்பரை வலுவாக இருப்பதை வைத்து, இரண்டு கூட்டங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசமும் பரம்பரைதான் என்று சொல்லவே முடியாது.

அந்த மரபணுக்கள் எவை என்பதைப் பார்ப்போம். ஒரே ஒரு மரபணு பழுதானதால் வரும் ரத்தக் கொதிப்பும் உண்டு. 1963இல் கிராண்ட் லிடில் விவரித்த நோய் அதில் ஒன்று: சிறுநீரகம் உப்பை விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துபோகும், இளம் வயதிலேயே அழுத்தம் ஏறிவிடும். இப்படிப்பட்ட நோய்கள் மிக அரிது. எந்த ஓர் இனத்துக்கும் சொந்தமும் அல்ல. ஆனால் அவை ஒரு முக்கியமான பாடத்தைக் கற்றுக்கொடுத்தன. இதுவரை தெரிந்த ஒற்றை மரபணு நோய்களில் மிகப் பெரும்பாலானவை கடைசியில் ஒரே இடத்தில் போய் முடிகின்றன: சிறுநீரகம் உப்பை எப்படிக் கையாள்கிறது என்பதில்.

மற்ற எல்லோருக்கும், அதாவது நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு, கதை வேறு. மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்துப் பார்க்கும் ஆய்வுகள் 2018இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து, ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள 901 இடங்களை மரபணுத் தொகுதியில் குறித்தன. 2024இல் வந்த ஆய்வில் அந்தக் குறிகள் 2,000ஐத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றும் தனியாகச் செய்வது அற்பம்: பாதரச அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பல அதிலும் பாதிக்கும் கீழே. ஆனால் சிறுதுளி பெருவெள்ளம் என்பது போல, எல்லாவற்றையும் கூட்டி ஆளுக்கொரு மதிப்பெண் போட்டுப் பார்த்தபோது, மதிப்பெண் மிக அதிகமுள்ள பத்தில் ஒரு பங்கினருக்கும் மிகக் குறைவான பத்தில் ஒரு பங்கினருக்கும் மேல் அளவில் (120/80 என்றால் 120) சுமார் 17 மி.மீ. இடைவெளி இருந்தது. அது சாதாரண இடைவெளி அல்ல. ஆகவே மரபணுவை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆய்வு ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்யப்பட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

இனி இனக்குழு. ஒரு மரபணு மாறுபாடு ஒரு கூட்டத்தில் அதிகமாகவும் இன்னொன்றில் அரிதாகவும் இருப்பது உண்மை. மனிதர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சிறு சிறு கூட்டங்களாகப் பிரிந்து போனார்கள். போன இடத்தில் தற்செயலாகச் சில மாறுபாடுகள் பெருகின, சில மறைந்தன. வெயில், நோய், உணவு ஆகியவை இன்னும் சிலவற்றை வடிகட்டின. ஆனாலும் மனித இனத்தின் மொத்த மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ரிச்சர்ட் லெவோன்டின் 1972இல் போட்ட கணக்கு இது. பிறகு வந்த நவீன முறைகளும் ஏறத்தாழ அதையே காட்டின.

உப்பைப் பிடித்துவைப்பதில் பங்குள்ள ஆஞ்சியோடென்சினோஜென் மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு வடிவம் ரத்தக் கொதிப்போடு தொடர்புடையது என்று 1992இல் கண்டுபிடித்தார்கள். அந்த வடிவம் ஐரோப்பியர்களைவிட ஆப்பிரிக்கர்களிடம் மிக அதிகம் என்று தெரிந்ததும், 'காரணம் கிடைத்துவிட்டது' என்று பலர் நினைத்தார்கள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் கிட்டத்தட்ட எல்லோரிடமும் அது இருந்தும் அங்கே ரத்தக் கொதிப்பு குறைவாக இருந்தது. ஜப்பானியர்களிடமும் அது அதிகம்தான். வெயிலும் வியர்வையும் மிகுந்த, உப்பு அரிதாகக் கிடைத்த நிலத்தில் உப்பைச் சேமிக்கும் உடம்பு பிழைத்திருக்கும் என்ற விளக்கம் பொருத்தமாகவே இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க இத்தகைய வடிவங்கள் கூடுவதும் காணப்பட்டிருக்கிறது. ஆனால் இன்றைய நோய் எண்ணிக்கையை அது விளக்கிவிடுகிறதா என்றால், இல்லை.

இதைத் தெளிவாகக் காட்டியது ரிச்சர்ட் கூப்பரும் அவரது கூட்டாளிகளும் செய்த வேலை. பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்த மக்களை மூன்று இடங்களில் ஒரே முறையில் அளந்தார்கள். 1997இல் வெளியான முடிவு: மேற்கு ஆப்பிரிக்காவில் 16 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு, கரீபியத் தீவுகளில் 26, அமெரிக்காவில் 33. உடல் எடையும் உப்பும் அதே வரிசையில் ஏறின. பிறகு 2005இல் வெள்ளையர்களையும் சேர்த்து ஒப்பிட்டார்கள். நாட்டுக்கு நாடு வெள்ளையர்களிடம் 27 முதல் 55 சதவீதம் வரையும், கறுப்பினத்தவரிடம் 14 முதல் 44 சதவீதம் வரையும் இருந்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஜெர்மனியின் வெள்ளையருக்கு அமெரிக்காவின் கறுப்பினத்தவரைவிட அதிகம். அமெரிக்காவுக்குள் மட்டும் பார்த்தவர்களுக்கு 'கறுப்பினத்தவருக்கு அதிகம்' என்பது இயற்கை விதி போலத் தோன்றியது. அமெரிக்காவுக்கு வெளியே பார்த்ததும் அந்த விதி நிற்கவில்லை.

இடம் பெயர்ந்தவர்கள் இன்னும் வலுவான சாட்சி. கென்யாவில் லுவோ மக்கள் கிராமத்திலிருந்து நைரோபிக்குக் குடிபோனபோது சில மாதங்களிலேயே அவர்களின் ரத்த அழுத்தம் ஊரில் இருந்தவர்களைவிட ஏறியது. சிறுநீரில் உப்பு கூடியது, பொட்டாசியம் குறைந்தது. பனாமா கடற்கரைத் தீவுகளில் வாழும் குனா மக்களுக்கு வயது ஏறினாலும் அழுத்தம் ஏறுவதில்லை. அதே மக்கள் பனாமா நகரத்துக்குப் போனால் ஏறுகிறது. (தீவில் அவர்கள் உண்ணும் உப்பு அப்படியொன்றும் குறைவில்லை, ஆகவே எல்லாவற்றையும் உப்பின் தலையில் கட்டவும் முடியாது.) ஜப்பானின் வடபகுதியில் 1950களில் ஒரு நாளைக்கு 25 கிராமுக்கும் மேல் உப்பு உண்டார்கள், பக்கவாதத்தால் செத்தவர்கள் ஏராளம். உப்பு குறைந்து மருத்துவமும் பரவிய பின், ஒரே தலைமுறைக்குள் பக்கவாத இறப்புகள் பல மடங்கு சரிந்தன. ஒரு தலைமுறையில் மரபணு மாறாது.

நீங்கள் படித்த கட்டுரையில் அடிமைக் கப்பல் கதையும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கப்பலின் அடித்தட்டில் வியர்த்தும் பேதியாகியும் உப்பிழந்து பலர் செத்தார்கள், உப்பைச் சேமிக்கும் உடம்புள்ளவர்களே பிழைத்தார்கள், அவர்களின் வழித்தோன்றல்களுக்கு அதனால்தான் ரத்தக் கொதிப்பு என்ற கருத்து அது. 1991இல் தாமஸ் வில்சனும் கிளாரன்ஸ் கிரிமும் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே வரலாற்றாசிரியர் பிலிப் கர்டின், அடிமை வணிகம் பற்றிய ஆவணங்கள் இதற்குத் துணை நிற்கவில்லை என்று விரிவாக எழுதினார். மரபணுத் தடயமும் இன்றுவரை கிடைக்கவில்லை. கேட்க மனதில் பதிகிற கதை என்பதால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு பெரிய கொடுமைக்கு ஆளானவர்களின் நோயை அவர்கள் ரத்தத்திலேயே எழுதிவைத்துவிட்டு, இன்று அவர்கள் வாழும் தெருவைப் பார்க்காமல் போக அந்தக் கதை இடம் கொடுக்கிறது. அதனாலேயே அதை நான் கடுமையாக மறுக்கிறேன்.

மறுபக்கம், வம்சாவளிக்கும் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு உண்மையிலேயே உயிரைத் தொடும் இடங்களும் உண்டு. ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவின் இரண்டு வடிவங்கள் 2010இல் கண்டுபிடிக்கப்பட்டன. தூக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிலிருந்து காப்பதால் மேற்கு ஆப்பிரிக்காவில் அவை பெருகின. ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளாக வரும். இந்த வடிவம் ஒரு பிரதியில் இருந்தால் காப்பு. இரண்டு பிரதிகள் சேர்ந்தால் சிறுநீரகம் கெடும் ஆபத்து பல மடங்கு. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. அவர்களிலும் பெரும்பாலோருக்குச் சிறுநீரக நோய் வருவதில்லை. பல பத்தாண்டுகளாக இவர்களில் பலருக்கு 'பிரஷர் சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது' என்று எழுதினோம். பலருக்கு நடந்தது தலைகீழாக: மரபணுவால் சிறுநீரகம் கெட்டது, அதனால் பிரஷர் ஏறியது. அதோடு, எத்தியோப்பியர்களிடம் இந்த வடிவங்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. எத்தியோப்பியரையும் நைஜீரியரையும் 'கறுப்பினம்' என்ற ஒரே பெட்டியில் போட்டால், கண்ணுக்குத் தெரிகிற தோல் நிறம் கண்ணுக்குத் தெரியாத மரபணுவை மறைத்துவிடும்.

கிழக்காசியாவில் இன்னொரு பாடம். அங்கே மதுவைச் செரிக்கும் ஏ.எல்.டி.எச்.2 மரபணுவின் செயலற்ற வடிவம் பலரிடம் உண்டு. குடித்தால் முகம் சிவந்து குமட்டும்; அதனால் அவர்கள் குறைவாகக் குடிப்பார்கள். சீனாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளிவந்த ஆய்வில், அதிகம் குடிக்கவைக்கும் மரபணு அமைப்பு கொண்ட ஆண்களுக்கு ரத்த அழுத்தமும் அதிகம். அதே அமைப்புள்ள பெண்களுக்கு அப்படி இல்லை. ஏனென்றால் அங்கே பெண்கள் பெரும்பாலும் குடிப்பதே இல்லை. மரபணு ஒன்றுதான், மது கைக்கு வந்தால்தான் அது வேலை செய்கிறது. இந்த ஓர் ஆய்வை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே 'மரபணுவா சூழலா' என்ற சண்டையில் பாதி அடங்கிவிடும்.

சூழல் என்றவுடன் உப்பையும் எடையையும் மட்டும் நினைக்க வேண்டாம். போர்ட்டோ ரிக்கோவில் கிளாரன்ஸ் கிராவ்லியும் உடன் இருந்தவர்களும் ஒரு நுட்பமான ஆய்வு செய்து 2005இல் வெளியிட்டார்கள். கருவியால் அளந்த தோல் நிறம் ஒருபுறம். அந்தச் சமூகம் ஒருவரை எந்த நிறத்தவராகப் பார்க்கிறது என்பது மறுபுறம். ரத்த அழுத்தத்தோடு தொடர்பு தெரிந்தது இரண்டாவதற்குத்தான். இது சிறிய ஆய்வு, இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் அவமானம், வேலைப் பயம், தூக்கமின்மை போன்றவை ரத்தக் குழாயில் பதிவதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. என் நோயாளிகளிடம் அதை நிறையப் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் 2018இல் வந்த இன்னோர் ஆய்வு, கறுப்பின ஆண்களுக்குக் கூடுதலாக வரும் ரத்தக் கொதிப்பில் பாதி அளவுக்கு உணவுமுறையோடு தொடர்புபடுத்தியது. அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸில், கறுப்பின ஆண்கள் போகும் முடிதிருத்தும் கடைகளுக்கே மருந்தாளுநர்களை அனுப்பிச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மேல் அளவு சராசரியாக 27 மி.மீ. இறங்கியது; ஒப்பீட்டுக் குழுவில் 9 மி.மீ. மட்டும்தான். அந்த 27ஐ இறக்கியது நம்பிக்கையான இடத்தில், முறையாகக் கொடுத்த சாதாரண மாத்திரைகள்.

தெற்காசியர்களுக்கு வருகிறேன், உங்களுக்கு முக்கியம் அது. சர்க்கரை நோயும் மாரடைப்பும் தெற்காசியர்களுக்கு இளம் வயதிலேயே, ஒல்லியான உடம்பிலேயே வருகின்றன என்பதற்கு ஆதாரம் வலுவானது. ரத்தக் கொதிப்பைப் பொறுத்தவரை அவ்வளவு நேரான படம் இல்லை. பிரிட்டனில் குடியேறியவர்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் எனப் பிரித்துப் பார்த்தால் ஒருவருக்கு ஒருவர் மாறுகிறது. வங்கதேசத்தவரின் அளவுகள் பல ஆய்வுகளில் குறைவாகவே இருந்தன. முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்குச் சராசரியாக 53 வயதிலும் மற்றவர்களுக்கு 59ஐ ஒட்டியும் வருவதாக 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. புகை, சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன் ஆகியவை இளமையிலேயே கூடியிருந்ததுதான் அந்த இடைவெளியில் பெரும்பங்கு என்பதையும் அதே ஆய்வு சொன்னது. ஆகவே 'தெற்காசியர் என்பதாலேயே உங்களுக்கு ரத்தக் கொதிப்பு மரபணு' என்று எழுதியவர் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்.

மருந்து விஷயத்தில் இனத்தைப் பார்ப்பது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் எங்கள் துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. 2002இல் முடிந்த 33,000 பேர் கொண்ட ஆல்ஹாட் ஆய்வில், ஏ.சி.இ. தடுப்பான் வகை மாத்திரையை மட்டும் எடுத்த கறுப்பினத்தவருக்கு, நீர் மாத்திரை (உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவது) எடுத்தவர்களைவிட அழுத்தம் குறைவாகவே இறங்கியது. பக்கவாதமும் அதிகம் வந்தது. அதனால் பிரிட்டனின் வழிகாட்டுதல் இன்றும் ஆப்பிரிக்க, கரீபியக் குடும்பப் பின்னணி உள்ளவர்களுக்கு அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பானில் தொடங்கச் சொல்கிறது. உதடும் நாக்கும் வீங்கும் பக்கவிளைவு ஏ.சி.இ. தடுப்பானால் அவர்களுக்கு அதிகம்; வறட்டு இருமல் கிழக்காசியர்களுக்கு அதிகம். இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் சராசரி வேறு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் வேறு. 2004இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெள்ளையரிலும் கறுப்பினத்தவரிலும் 80 முதல் 95 சதவீதம் பேர் ஒரே மாதிரிதான் மருந்துக்குப் பதில் தருகிறார்கள் என்று தெரிந்தது. அதனால் என் வழக்கம்: மருந்தைத் தொடங்கு, நான்கு வாரத்தில் அளந்து பார், போதவில்லை என்றால் மாற்று அல்லது சேர்.

மரபணுப் பரிசோதனைக்கு என் பதில் இப்போதைக்கு 'வேண்டாம்'. முன்பு சொன்ன மதிப்பெண் முறை ஐரோப்பியர்களை வைத்துக் கட்டப்பட்டது. உலகில் இதுவரை நடந்த இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். மற்றவர்களிடம் அதே மதிப்பெண்ணின் துல்லியம் குறைகிறது, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிக மோசமாக. தெற்காசியர்களுக்கும் அப்படியே நம்பிவிட முடியாது. சரியாகவே வந்தாலும், அதைப் பார்த்து நான் உங்களுக்குச் சொல்வது எதுவும் மாறப்போவதில்லை. பிரிட்டனில் இரண்டே முக்கால் லட்சம் பேரை வைத்து 2018இல் வந்த ஆய்வில், மரபணு ஆபத்து குறைவானவர், நடுத்தரம், அதிகம் என்று எந்தப் பிரிவிலும் நல்ல வாழ்க்கைமுறை உள்ளவர்களுக்கு மேல் அளவு 4 முதல் 5 மி.மீ. குறைவாக இருந்தது. உப்பைக் குறைத்துச் சோதித்த 2001ஆம் ஆண்டு ஆய்விலும் எல்லாக் குழுவினருக்கும் அழுத்தம் இறங்கியது. அதிகம் இறங்கியது 'மரபணுவிலேயே இருக்கிறது' என்று சொல்லப்பட்ட கறுப்பினத்தவருக்கு. பரம்பரை இருந்தால் உப்பைக் குறைத்து என்ன பயன் என்ற உங்கள் கேள்விக்கு அந்த ஆய்வுதான் நேரான பதில்.

உங்களுக்கு உபயோகமான மரபுத் தகவல் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் எத்தனை வயதில் பிரஷர் தெரிந்தது என்று கேளுங்கள். அறுபதுக்கு மேல் என்றால் ஒன்று, நாற்பதுக்குள் என்றால் வேறு. யாருக்காவது சிறுநீரகக் கோளாறு, டயாலிசிஸ், இளம் வயதுப் பக்கவாதம் உண்டா? அம்மா வழியில் எப்படி? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, மேல்கையில் கட்டும் கருவி ஒன்றில் ஏழு நாள், காலையும் மாலையும் இரண்டிரண்டு தடவை அளந்து குறியுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, கால்கள் தரையில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதியின் சராசரி 135/85க்கு மேல் இருந்தால், அது ரத்தக் கொதிப்புக்கான வீட்டு அளவு; மருத்துவமனையில் அளந்தால் 140/90. உங்கள் வயதில் அளவு அப்படி வந்தால் மருத்துவரிடம் பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீர்ப் பரிசோதனை மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். பொட்டாசியம் குறைவாக இருந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியையும் பார்க்க வேண்டியிருக்கும். அளவைப் பார்க்காமல் இதற்கு மேல் நான் எதையும் இங்கிருந்து சொல்ல முடியாது. அளவு நன்றாகவே இருந்தாலும் அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த ஆண்டு அதோடு ஒப்பிட வேண்டும்.